ஒரே பந்தி – அத்தியாயம் 14: கைமாறிய சமாதானம்

1947 செப்டம்பர் 27, சனிக்கிழமை. சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் பேராயர் சி.கே. ஜேக்கப் சபை இணைப்பை அறிவித்ததோடு போன அத்தியாயம் முடிந்தது. ஆங்கிலிக்கன் சபையின் நான்கு திருமண்டலங்கள், தென்னிந்திய மெதடிஸ்ட் சபை, பிரெஸ்பிடேரியன்களும் காங்கிரிகேஷனல் சபையாரும் 1908இலேயே சேர்ந்து அமைத்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் அன்றிலிருந்து தென்னிந்தியத் திருச்சபை. புதிதாக ஒன்பது பேராயர்கள் அன்றே அபிஷேகம் பெற்றார்கள். பேராலயத்துக்குள் இடம் கிடைக்காதவர்கள் வெளியே பந்தலில் நின்று பாடினார்கள்.

மறுநாள் ஞாயிறு. திருநெல்வேலியிலும் மதுரையிலும் நாகர்கோவிலிலும் கோவில் மணி அடித்தது. சனங்கள் வந்து உட்கார்ந்தார்கள். சபையின் பெயர் மாறியிருந்தது. மற்றபடி போன ஞாயிறு எப்படித் தொழுதார்களோ அப்படியேதான் அந்த ஞாயிறும் தொழுதார்கள்.

அப்படித் தொழட்டும் என்றுதான் இணைப்பை வகுத்தவர்கள் நினைத்தார்கள். ஏன் அப்படி நினைத்தார்கள், அதிலிருந்து எப்படி ஒரு பொதுவான திருவிருந்து முறை முளைத்தது என்பதே இந்த அத்தியாயம்.

முதலில் அன்றைய வேற்றுமைகளைப் பார்த்துவிடுவோம். மெஞ்ஞானபுரத்திலோ நாசரேத்திலோ திருவிருந்து என்றால் சனங்கள் எழுந்து முன்னே போய், கிராதியருகே முழங்காற்படியிட்டுக் கை நீட்டி வாங்குவார்கள். பாத்திரம் ஒன்றுதான். குருவானவர் அதை ஒவ்வொருவர் உதட்டருகிலும் கொண்டுவருவார். ஜெபம் முழுவதும் அச்சிட்ட புத்தகத்திலிருந்து. அந்தத் திருநெல்வேலிக்குள்ளும் இரண்டு வாடை உண்டு. சி.எம்.எஸ். மிஷன் ஊர்களில் குருவானவர் பெரும்பாலும் மேசையின் வடபுறம் நிற்பார். எஸ்.பி.ஜி. மிஷன் ஊர்களில் சனங்களுக்கு முதுகு காட்டிக் கிழக்கு நோக்கி நிற்கும் வழக்கம் புகுந்திருந்தது. அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை வைத்தே எந்த மிஷன் வழி வந்த ஊர் என்று சொல்லிவிடும் பெரியவர்கள் இருந்தார்கள்.

மதுரைக்கு வந்தால் அமெரிக்கன் மிஷன். அங்கே சனங்கள் எழுந்திருப்பதில்லை. உட்கார்ந்த இடத்துக்கே தட்டு வரும். சபையின் மூப்பர்களும் உதவிக்காரர்களும் வரிசை வரிசையாக நடந்து அப்பத்தையும், சின்னஞ்சிறு கிண்ணங்களில் திராட்சரசத்தையும் கொடுத்துப் போவார்கள். போதகர் தன் வாயில் வந்த சொற்களால் ஜெபிப்பார். லண்டன் மிஷன் வேரூன்றிய நாகர்கோவிலிலும் இதே சாயல்தான். மன்னார்குடிப் பக்கத்து மெதடிஸ்டுகள் இரண்டுக்கும் நடுவில் இருந்தார்கள். ஜான் வெஸ்லி ஆங்கிலிக்கன் முறையைச் சுருக்கிக் கொடுத்துவிட்டுப் போனதால் அவர்கள் முழங்காலும் இட்டார்கள், மனம்போல ஜெபமும் பண்ணினார்கள். ரசம் மட்டும் புளிக்காததாக இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பு.

திருநெல்வேலிக்காரர் ஒருவர் ரயில்வே வேலைக்கு மதுரைக்கு மாற்றலாகிப் போனால், முதல் திருவிருந்தன்று எழுந்து முன்னே நடக்கத் தொடங்கிப் பாதியில் நின்று விழித்திருப்பார். மதுரைக்காரர் பாளையங்கோட்டைக்குப் போனால் தட்டு வரும் வரும் என்று பெஞ்சிலேயே காத்திருந்திருப்பார். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது சின்ன விஷயம். உள்ளே வளர்ந்தவருக்கு அப்படியில்லை. தாய் சொல்லிக்கொடுத்த முதல் ஜெபம் எப்படி மனசில் தங்குமோ அப்படித் தங்குவது திருவிருந்து வாங்கும் முறை. திடப்படுத்தல் பெற்ற வயதில் பழகிய உடம்பு கடைசிவரை அதை மறப்பதில்லை.

இணைப்புப் பேச்சு தொடங்கியது 1919 மே மாதம், தரங்கம்பாடியில். 33 பேர் கூடினார்கள். தோர்ணக்கல் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் ஐக்கிய சபையின் சந்தியாகுவும் அதில் முன்னணியில் நின்றார்கள். சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கிய அதே கடற்கரை ஊர். அங்கே போட்ட விதை முளைத்து மரமாக 28 ஆண்டு பிடித்தது. அசரியா 1945 ஜனவரி முதல் தேதி கண்மூடினார். தான் கனவுகண்ட பந்தியில் உட்கார அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அந்த 28 ஆண்டில் மிகுதியான காலத்தைத் தின்றது ஊழியம் பற்றிய சிக்கல். யார் கை வைத்து அபிஷேகம் செய்தால் செல்லும், பேராயர் கைவைக்காத போதகர் திருவிருந்து நடத்தலாமா என்ற கேள்விகளை முந்திய அத்தியாயங்களில் விரிவாகப் பார்த்தோம். அதோடு ஒப்பிட்டால் ஆராதனை பற்றிய பகுதி அமைதியாகவே எழுதப்பட்டது. திருச்சபையின் அமைப்புச் சட்டத்தில் அது கொஞ்சம் பக்கங்கள்தான். என்னைக் கேட்டால், அந்தச் சட்டம் முழுவதிலும் ஞானம் நிறைந்த பக்கங்கள் அவைதான்.

அங்கே முதலில் ஒரு வாக்குறுதி இருக்கிறது. இணைப்புக்கு முன் எந்தச் சபையில் எந்த முறை வழங்கியதோ அதைத் தடை செய்யக் கூடாது. குருவானவரும் சபையாரும் சேர்ந்து சம்மதிக்காமல் பழகிய முறையை மாற்றவும் கூடாது, புதியதைக் கொண்டுவரவும் கூடாது. பெரிய சபை சின்னச் சபையை விழுங்கிவிடும் என்று இரவில் தூக்கம் இழந்திருந்த மனிதர்களுக்கு அந்த ஒரு விதி எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

அதை அடுத்து வருவது ஒரு பட்டியல். எந்த ஊரில், எந்த முறையில் திருவிருந்து நடந்தாலும் அதில் இவையெல்லாம் இருக்க வேண்டும் என்கிறது. தொடக்க ஜெபம், வேத வாசிப்பும் வசனத்தின் ஊழியமும், பாவ அறிக்கை, மனம் திரும்பினவர்களுக்குக் கடவுளின் இரக்கத்தை அறிவித்தல், சனங்களின் காணிக்கையைப் படைத்தல், கிறிஸ்துவின் பிறப்பு முதல் பரமேறுதல் வரை நினைத்து நன்றி சொல்லுதல், அந்த நன்றியின் நடுவில் கடைசி இராப்போஜனத்தில் அவர் சொன்ன சொற்களையே சொல்லி அப்பத்தையும் ரசத்தையும் பிரித்து வைத்தல், முழுத் திருச்சபைக்காகவும் மன்றாட்டு, கர்த்தருடைய ஜெபம், பந்தி பரிமாறல், முடிவில் நன்றியும் தன்னைப் படைத்தலும். சொற்கள் அவரவர் விருப்பம். உட்காருவதா முழங்கால் இடுவதா என்பதில் தலையீடு இல்லை. ஆனால் இந்த எலும்புக்கூடு எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் 1888இல் லாம்பெத்தில் கூடியபோது, சபைகள் இணைய வேண்டுமானால் அடிப்படை இவை என்று நான்கு காரியங்களைச் சொன்னார்கள். அதில் ஒன்று, கிறிஸ்துவின் சொற்களும் அவர் ஏற்படுத்திய அப்பமும் ரசமும் தவறாத திருவிருந்து. அந்த ஒரு வரி தென்னிந்தியாவில்தான் சதை போட்டு ஆளானது.

பட்டியலில் இரண்டு இடங்களில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். பாவ அறிக்கைக்குப் பிறகு கடவுளின் இரக்கத்தை அறிவிக்க வேண்டும் என்கிற இடத்தில், அது பாவமன்னிப்பு கூறும் வடிவிலும் இருக்கலாம், வேறு விதமாகவும் இருக்கலாம் என்று ஒரு சின்னச் சேர்க்கை இருக்கிறது. அந்தச் சேர்க்கைக்குள் எத்தனை நாள் விவாதம் அடங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கை உயர்த்தி மன்னிப்புக் கூறும் குருவானவர் இல்லாவிட்டால் ஆங்கிலிக்கன் மனசு நிறையாது. மனிதன் எப்படி மன்னிப்பான் என்று காங்கிரிகேஷனல் மனசு திமிறும். இரண்டு பேரும் ஒரே கடவுளின் இரக்கத்தைத்தான் கேட்க வந்திருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்து, அதை மட்டும் கட்டாயமாக்கி, வடிவத்தை விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது இடம் இன்னும் ஆழமானது. அப்பத்தையும் ரசத்தையும் பிரித்து வைக்கும்போது என்ன வேண்டிக்கொள்வது? அப்பம் கிறிஸ்துவின் சரீரமாக மாறுகிறதா, அதனோடு அவர் இருக்கிறாரா, அது வெறும் நினைவுச் சின்னமா? 1529இல் மார்புர்க் நகரில் லூத்தரும் ஸ்விங்லியும் எதிரெதிரே உட்கார்ந்து இதைப் பேசி, ஒத்துப்போக முடியாமல் பிரிந்தார்கள். புராட்டஸ்டன்ட் உலகம் அன்று இரண்டானது. தென்னிந்தியச் சட்டம் எழுதியவர்கள் அந்தப் பழைய வழக்கைத் திரும்ப எடுக்கவில்லை. இந்தப் பந்தியில் ஆண்டவர் எதை நமக்குத் தர விரும்புகிறாரோ அதை நாம் பெற்றுக்கொள்ளும்படி வேண்டிக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் முடித்துவிட்டார்கள். இதைச் சிலர் மழுப்பல் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடுப்பவர் அவர், வாங்குபவர்கள் நாம் என்று தெரிந்தவர்கள் கையேந்தும்போது அப்படித்தான் கேட்பார்கள்.

ஆனால் பட்டியல் மட்டும் இருந்தால் போதுமா? மூன்று சபையாரும் ஒரே இடத்தில் கூடும் நாளில் எந்தப் புத்தகத்தைத் திறப்பது? பேராயர்களும் பிரதிநிதிகளும் கூடும் சினாட் கூட்டத்தில் இந்தக் கேள்வி உடனே எழுந்தது. மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தில் இது அன்றாடப் பிரச்சினை. மதுரைப் பக்கம் அமெரிக்கன் மிஷன் சபைகள், இராமநாதபுரம் பக்கம் ஆங்கிலிக்கன் சபைகள். அவர்களுக்கு முதல் பேராயராக வந்த லெஸ்லி நியூபிகின் ஸ்காட்லாந்து பிரெஸ்பிடேரியன் சபை வழி வந்தவர். ஒரே திருமண்டலத்துக்குள் ஊருக்கு ஊர் முறை மாறும்.

1948இல் கூடிய முதல் சினாட் ஒரு வழிபாட்டுக் குழுவை நியமித்தது. அழைப்பாளராக லெஸ்லி பிரவுன் பொறுப்பேற்றார். அவர் திருவனந்தபுரத்தில் கேரள ஐக்கிய இறையியல் கல்லூரி முதல்வர். ஆங்கிலிக்கன் குரு. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் வரலாற்றில் தோய்ந்தவர். பிற்பாடு தோமா கிறிஸ்தவர்கள் பற்றி அவர் எழுதிய நூல் 1956இல் வந்தது. குழுவில் இருந்த மற்றவர்கள் பல மரபினர். அவர்களிடம் கேட்டது, சினாட் போன்ற கூட்டங்களிலும், விரும்பும் சபைகளிலும் பயன்படுத்த ஒரு திருவிருந்து முறை. விரும்பும் சபைகளில் என்ற சொல்லை மறக்க வேண்டாம். யார் மேலும் திணிப்பதற்காக அது எழுதப்படவில்லை.

அவர்கள் எங்கெங்கிருந்து எடுத்தார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகமும் ஸ்காட்லாந்து சபை 1940இல் வெளியிட்ட ஆராதனை நூலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. பந்தியில் வந்து எங்களோடு இரும் என்று பிரதான ஆசாரியரான இயேசுவை அழைக்கும் ஜெபம் ஸ்பெயின் நாட்டின் பழைய மோசராபிக் முறையிலிருந்து வந்தது. அவருடைய மரணத்தை நினைத்து, உயிர்த்தெழுதலை அறிக்கையிட்டு, இரண்டாம் வருகைக்குக் காத்திருக்கிறோம் என்று சபையார் எல்லோரும் சேர்ந்து சொல்லும் இடம் கேரளத்துச் சிரியன் கோவில்களில் ஒலித்த தூய யாக்கோபின் முறை. நன்றி ஜெபம் முழுவதையும் குருவானவர் ஒருவரே சொல்லி முடிக்க, சபையார் கடைசியில் ஆமென் மட்டும் சொல்லிப் பழகிய ஊர்களில் இது பெரிய மாற்றம். சனங்கள் ஜெபத்தின் நடுவில் வாய் திறந்தார்கள்.

முறை மூன்று பகுதியாக அமைந்தது: ஆயத்தம், வசனத்தின் ஊழியம், அப்பம் பிட்குதல். தொடக்கத்தில் வேதாகமத்தை ஏந்திக்கொண்டு பவனியாக வருவார்கள். பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம் என்று மூன்று வாசிப்பு. பிறகு சபையின் பின்பக்கத்திலிருந்து சாதாரண சபையாரே காணிக்கையோடு அப்பத்தையும் ரசத்தையும் எடுத்து முன்னே கொண்டுவருவார்கள். மன்றாட்டில் சொந்தச் சொற்களில் ஜெபிக்கவும் இடம் விட்டிருந்தார்கள். புத்தக ஜெபத்துக்குப் பழகியவனும் புத்தகமில்லா ஜெபத்துக்குப் பழகியவனும் அங்கே தன் வீட்டு வாசனையை உணர்ந்திருப்பார்கள்.

நடத்துபவருக்கு ஆங்கிலத்தில் பிரெஸ்பிட்டர் என்று பெயர் வைத்தார்கள். ஒரு தரப்புக்கு உவந்த சொல்லையோ மறுதரப்புக்கு உவந்த சொல்லையோ எடுக்காமல், புதிய ஏற்பாட்டில் எல்லோருக்கும் முன்பே இருந்த சொல்லை எடுத்தார்கள். அவர் நிற்க வேண்டிய இடம் மேசைக்குப் பின்னால், சனங்களைப் பார்த்து. வடபுறமா கிழக்கா என்று திருநெல்வேலியில் நடந்த பழைய பேச்சு இதில் கரைந்து போனது. குடும்பத்தலைவர் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் நிற்பதுபோல நிற்கிறார். ரோமன் கத்தோலிக்கத் திருச்சபை வழிபாட்டுச் சீர்திருத்த ஆவணத்தை வெளியிட்டது 1963 டிசம்பரில். அதன் பிறகுதான் உலகெங்கும் கத்தோலிக்கக் கோவில்களில் பீடங்கள் சனங்களை நோக்கித் திரும்பின. தென்னிந்தியாவில் அது பதின்மூன்று ஆண்டு முன்பே எழுத்தில் வந்துவிட்டது.

இனி, நான் இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமான இடம். காணிக்கை படைப்பதற்கு முன் சமாதானம் கொடுத்துக்கொள்ள வேண்டும் என்று குழு எழுதியது. ஆதிச் சபையில் அது முத்தமாக இருந்தது. மேற்கத்திய சபைகளில் அது எப்போதோ தேய்ந்துவிட்டது. கேரளத்துச் சிரியன் கோவில்களில் கையசூரி என்ற பெயரில் கைவழியாகப் பிழைத்திருந்தது. குழு அதை எடுத்துக்கொண்டு, எப்படிச் செய்வது என்றும் நுணுக்கமாக எழுதியது. கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்க வேண்டும். பிறகு இருவரும் தங்கள் இடது கையால் மற்றவரின் வலது கையை மூட வேண்டும். குருவானவர் தன்னோடு நிற்பவர்களுக்குக் கொடுக்க, அவர்கள் இறங்கி வந்து சபையாருக்குக் கொடுக்க, அது வரிசை வரிசையாகக் கடைசிப் பெஞ்சு வரை போகும். கொடுக்கும்போது மெல்லிய குரலில் கடவுளின் சமாதானத்தை வாழ்த்தலாம்.

ஒருமுறை செய்து பாருங்கள். வெள்ளைக்காரக் கைகுலுக்கல் போல ஆட்டிவிட்டு விட முடியாது. இரண்டு கையும் மாட்டிக்கொள்கின்றன. உங்கள் வலது கை அவருடைய இரண்டு கைகளுக்குள். அவருடைய வலது கை உங்கள் இரண்டு கைகளுக்குள். ஒரு கணமாவது நின்று முகம் பார்க்காமல் விலக வழியில்லை. பனையேறிக் காய்த்த கையா, பேனா பிடித்த கையா, இரண்டும் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும்.

இந்த மண்ணில் அதற்கு வேறொரு கனம் உண்டு. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவு போட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் எவ்வளவு பெரிய கலகம் நடந்தது என்று ஐந்தாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். தனித்தனியாக உட்காருவது, திருவிருந்துக்கு முன்னும் பின்னுமாகப் போவது, அதைக் கைவிடச் சொன்னதும் சபையை விட்டே விலகுவது, எல்லாம் நடந்தது. கை தொடுவதுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானித்தது. அப்படிப்பட்ட ஊரில், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் கையை உங்கள் இரண்டு கையாலும் மூடுங்கள், அதற்குப் பிறகு காணிக்கை படைக்கலாம் என்று ஒரு வழிபாட்டு முறை சொல்கிறது. நாம் படைக்கும் பலி நம்முடைய ஒற்றுமையே என்ற அகுஸ்தீனின் போதனையை அந்தக் குறிப்பு சுட்டுகிறது. அதை எழுதியவர்கள் சாதியை நினைத்து எழுதினார்களா, எனக்குத் தெரிந்தவரை அந்தக் குறிப்பில் அப்படி ஒரு சொல் இல்லை. ஆனால் கை சேர்ந்தபோது அது பேசியிருக்கும் என்பது என் எண்ணம்.

கை சேர்ந்ததால் சாதி ஒழிந்தது என்று எழுத மனம் வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில்கூடப் பிரித்து வைத்த ஊர்கள் உண்டு. சமாதானம் தன் உறவுக்காரர் வரிசையோடு திரும்பிவிட்ட கோவில்களும் உண்டு. இருந்தும், மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரு புத்தகம் ஒருவரை எழுப்பி, அடுத்தவர் கையைப் பிடி என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அதைக் கேட்டு வெட்கப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

1950 ஜனவரியில் சென்னையில் சினாட் கூடியது. புதிய முறையில் முதல் திருவிருந்து அங்கே நடந்தது. மூன்று மரபில் வந்தவர்கள் ஒரே சொற்களைச் சொன்னார்கள். அதே ஆண்டு அது அச்சேறியது. நான்கு ஆண்டு பயன்படுத்திப் பார்த்து 1954இல் திருத்தினார்கள். ஞாயிறு ஆராதனை, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் சேர்ந்த முழுப் புத்தகம் 1962இல் சினாட் ஒப்புதல் பெற்று, அடுத்த ஆண்டு வெளிவந்தது.

வெளிநாட்டில் இதற்குக் கிடைத்த வரவேற்பு ஒரு தனிக் கதை. இங்கிலாந்தில் இணைப்பையே எதிர்த்தவர்கள் ஏராளம். கவிஞர் டி.எஸ். எலியட் 1943இலேயே எதிர்த்து ஒரு சிறுநூல் எழுதினார். எதிர்ப்பின் முன்வரிசையில் நின்ற இன்னொருவர் ஆங்கிலிக்கன் துறவி கிரகரி டிக்ஸ். அவர் 1945இல் வெளியிட்ட திருவிருந்தின் வடிவம் பற்றிய பெருநூல் அந்தத் தலைமுறை வழிபாட்டு அறிஞர் எல்லோரையும் உலுக்கியது. எடுத்தல், நன்றி செலுத்துதல், பிட்குதல், கொடுத்தல் என்ற நான்கு செயலே திருவிருந்தின் உயிர் என்றார் அவர். தென்னிந்தியக் குழு அந்த நூலிலிருந்து தாராளமாகக் கற்றுக்கொண்டது. தங்கள் சபையை ஒப்புக்கொள்ளாத மனிதரிடமிருந்தும் நல்லதை வாங்கிக்கொள்ளும் மனசு அவர்களுக்கு இருந்தது. இணைப்பைக் குறை சொன்ன நாடுகளிலேயே பிற்பாடு புதிய வழிபாட்டு நூல்கள் எழுத உட்கார்ந்தவர்கள் தென்னிந்திய முறையை மேசைமேல் வைத்துக்கொண்டார்கள். லெஸ்லி பிரவுன் 1953இல் உகாண்டாவின் பேராயராகப் போனார். ஆப்பிரிக்கச் சபைகளுக்கான திருவிருந்து முறையை உருவாக்குவதிலும் அவர் கை இருந்தது.

ஒரு குறையை மறைக்கக் கூடாது. இந்த முறை பிறந்தது ஆங்கிலத்தில். தமிழுக்கும் தெலுங்குக்கும் மலையாளத்துக்கும் கன்னடத்துக்கும் மொழிபெயர்ப்பாகத்தான் வந்தது. சிரியன் ஜெபத்தையும் ஸ்பெயின் ஜெபத்தையும் தேடிப்போன குழு, நம் ஊர்க் கீர்த்தனை மரபையும் கிராமத்துப் பாட்டையும் அந்த அளவுக்குத் தேடவில்லை. பின்னால் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை என்ற தியாபிலஸ் அப்பாவு பறையும் நாட்டுப்பாட்டுமாக வழிபாட்டை எடுத்துக் கட்டியபோது, ஒரே உலையில் வெந்த சோற்றைப் பகிர்வது என்று திருவிருந்தைப் பேசியபோது, இந்தக் குறைக்குத்தான் பதில் சொன்னார். அவரைப் பற்றித் தனி அத்தியாயம் வரும்.

கிராமங்களில் புதிய முறை மெல்லத்தான் நுழைந்தது. பழைய ஜெபப் புத்தகத்தை மனப்பாடமாகச் சொல்லும் கிழவர்கள் இருக்கும்வரை அதை மாற்ற எந்தக் குருவானவருக்கும் மனசு வராது. சட்டமும் மாற்றச் சொல்லவில்லை. சபையார் சம்மதித்த இடத்தில் மாறியது, சம்மதிக்காத இடத்தில் காத்திருந்தது. ஒரு பாத்திரமும் சிறு கிண்ணமும் இன்றைக்கும் இரண்டும் வழக்கத்தில் உண்டு.

என் ஆச்சி பிறந்தது மதுரைப் பக்கம், அமெரிக்கன் மிஷன் ஊரில். வாழ்க்கைப்பட்டது நாசரேத் பக்கம். உட்கார்ந்து வாங்கிப் பழகியவள், கல்யாணத்துக்குப் பிறகு முழங்காற்படியிடப் பழகினாள். முதல் வருஷம் எப்போது எழுந்து போக வேண்டும் என்று தெரியாமல் பக்கத்து வீட்டு அக்காவின் சேலை நுனியைப் பார்த்துக்கொண்டே இருந்ததாகச் சொல்வாள். எழுபது வயதுக்கு மேல் முழங்கால் மடங்கவில்லை. கிராதி வரை நடக்கவும் முடியவில்லை. எல்லோரும் வாங்கி முடித்த பிறகு குருவானவர் தட்டையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு படியிறங்கி, அவள் உட்கார்ந்திருந்த மூன்றாவது பெஞ்சுக்கே வருவார். அவள் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் குவித்து நீட்டுவாள்.

(தொடரும்)